'அம்மா'வுக்கு எத்தனை தட்டு?

மூதூர்ல இருந்து ஒரு முன்பள்ளி ரீச்சர் கேட்டிருக்கிறா: "நாலரை வயசுப் பிள்ளையளுக்குச் சொல்லைக் கைதட்டிப் பிரிக்கப் பழக்கிறன். 'அம்மா'வுக்குச் சிலர் ரெண்டு தட்டுறாங்க, சிலர் மூண்டு. எது சரி?"

ரெண்டுதான் சரி ரீச்சர். அம்-மா. மூண்டு தட்டுற பிள்ளை பெரும்பாலும் எழுத்தை எண்ணுது. அ, ம், மா எண்டு வீட்டில எழுத்துக்கூட்டப் பழக்கியிருப்பாங்க. இது காதால செய்யிற வேலை. அதால இந்த நேரத்தில எழுத்து அட்டை வேணாம், படம் போதும்.

உங்களுக்கு மட்டும் ஒரு கணக்கு சொல்லுறன். சொல்லை எழுதி, புள்ளி வச்ச எழுத்துகளை விட்டுட்டு மிச்சத்தை எண்ணுங்க. மூதூர் ரெண்டு, கிண்ணியா மூண்டு, தம்பலகாமம் அஞ்சு. திருகோணமலையில புள்ளியே இல்ல, ஆறு எழுத்துக்கும் ஆறு தட்டு. யாப்பிலக்கணம் படிச்ச ஆரும் "மரம் ஓரசைதானே" எண்டு கேட்டா, அது செய்யுள் கணக்கு. குறில் ரெண்டு சேர்ந்தா அங்க ஒரே அசையா எடுப்பாங்க, அதுக்குப் பேர் நிரையசை. இங்க வாய்க்கணக்கு: ம-ரம், ரெண்டு.

முதல்ல பிள்ளையைத் தட்டச் சொல்லாதீங்க. நீங்க 'வா... ளி' எண்டு துண்டாச் சொல்லுங்க, பிள்ளை சரியான படத்தைத் தொடட்டும். அது பிடிபட்ட பிறகு தட்டு. வாளி, பூனை, மாடு மாதிரிப் புள்ளியில்லாத ரெண்டு துண்டுச் சொல், பிறகு கதிரை, அதுக்குப் பிறகு தக்காளி.

பால், மீன், கண் கடைசியாத்தான் வரோணும். இதிலதான் கனபேர் தடுமாறுறாங்க. பிரிக்கச் சொன்னா குறைஞ்சது ரெண்டு துண்டு வரோணும் எண்டு பிள்ளை நினைச்சு, 'பா-ல்' எண்டு ரெண்டு தட்டும். அப்ப "பிழை" எண்டு சொல்லாம, நாடிக்குக் கீழ கையை வச்சுச் சொல்ல விடுங்க. 'பா'வுக்கு நாடி ஒருக்கா இறங்கும், 'ல்'லுக்கு நாக்கு மட்டும்தான் மேல போகும். ஆனா 'துணி' மாதிரிச் சொல்லுக்கு இது உதவாது. உ, இ சொல்லக்குள்ள நாடி அசையிறதே குறைவு. அதுக்கு உதட்டை மூடிக்கொண்டு அந்தச் சொல்லை முனகச் சொல்லுங்க, ரெண்டு தரம் சத்தம் எழும்பும்.

சில நேரம் பிழை எங்கட வாயிலயும் இருக்கும். தெளிவாச் சொல்லுறம் எண்டு 'தக்-க்-கா-ளி' எண்டு இழுத்தா பிள்ளை நாலு தட்டத்தான் செய்யும். முதல் ஒருக்கா சாதாரணமாச் சொல்லிட்டுப் பிறகு பிரியுங்க.

தட்டிக்கொண்டே எண்ணவும் சொல்லாதீங்க. ரெண்டு வேலை ஒண்டா வந்தா ரெண்டும் குழம்பும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சோடா மூடியைத் தள்ளட்டும், சொல் முடிஞ்ச பிறகு மூடிகளை எண்ணட்டும். 'ஸ்கூல்' மாதிரிச் சொல்லை இப்ப எடுக்காதீங்க. 'இஸ்கூல்' எண்டு சொல்லுற பிள்ளைக்கு ரெண்டு வரும், அதின்ர வாய்க்கு அது சரிதான்.

ஒரு நாளைக்கு அஞ்சாறு சொல், பத்து நிமிசத்துக்குள்ள. எல்லாரும் சேர்ந்து தட்டினாலும், ஒவ்வொரு பிள்ளையையும் தனியா ஒரு சொல்லுக்குத் தட்ட வச்சுப் பாருங்க. கூட்டத்தில பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தட்டுற பிள்ளைக்குக் கை ஒரு கணம் பிந்தித்தான் விழும்.