மூளை அலைகளுக்குப் பயிற்சி: நியூரோஃபீட்பேக் எதைச் சாதித்திருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

தலையில் இரண்டு மூன்று இடங்களில் பசை தடவி மின்முனைகளைப் பொருத்திக்கொண்டு, கணினித் திரைக்கு முன்னால் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். திரையில் ஒரு கார் ஓடுகிறது. அதை ஓட்டுவதற்கு அவன் கையில் எந்தக் கருவியும் இல்லை. அவனுடைய மூளையில் எழும் மின் அலைகள் குறிப்பிட்ட ஓர் அளவுக்குள் இருக்கும்போது கார் வேகமெடுக்கிறது. அந்த அளவிலிருந்து விலகும்போது தயங்கி நின்றுவிடுகிறது. அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ நீடிக்கும் இத்தகைய அமர்வுகள் முப்பது, நாற்பது நடந்து முடிந்தால் கவனம் கூடும், பதற்றம் தணியும், தூக்கம் சீராகும் என்று சொல்லப்படுகிறது. நியூரோஃபீட்பேக் என்ற பெயரில் உலகின் பல நகரங்களில் வழங்கப்படும் சிகிச்சை இதுதான். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது என்பதால், குழந்தைக்கு மருந்து கொடுக்கத் தயங்கும் பெற்றோரை இது எளிதில் கவர்ந்துவிடுகிறது.

இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதைப் பார்க்கிறேன். ஒரு மனிதர் தம் மூளை அலைகளைத் தாமே மாற்றப் பழக முடியுமா என்பது ஒரு கேள்வி. அப்படி மாற்றுவதால் அவருடைய நோய் தணிகிறதா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஓரளவு ஆம் என்ற விடை அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அந்த விடையை இரண்டாவது கேள்விக்கும் பொருத்திக்கொண்டதில்தான் இந்தத் துறையின் குழப்பங்கள் பெரும்பாலும் தொடங்கின.

மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜேனா நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் பதிவு செய்த அவர், தாம் கண்டது உண்மைதானா என்ற ஐயத்தில் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, 1929இல்தான் அதை வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாக இருப்பவரின் தலையின் பின்பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழுந்தடங்கும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயரிட்டவரும் அவரே. கண்ணைத் திறந்ததும் அந்த அலை அடங்கிவிடும். இவ்வாறு பதிவாகும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படுவது; பெரும்பாலும் அத்தகைய சில பத்து அலகுகளுக்குமேல் அது போவதில்லை. அதுவும் மண்டையோட்டையும் தோலையும் கடந்து, எண்ணற்ற நரம்பணுக்களின் கூட்டு ஓசையாகத்தான் வெளியே வருகிறது. தேர்த் திருவிழாவின் ஆரவாரத்தை நான்கு தெரு தள்ளி நின்று கேட்பவருக்கு, வடம் பிடிப்பவர் யார், என்ன சொல்லிக் கூவுகிறார் என்று தெரிய வழியில்லை அல்லவா? ஈ.ஈ.ஜி. எனப்படும் இந்த மூளை மின்னலைப் பதிவும் அத்தகையதே. அதைக்கொண்டு விழிப்பையும் உறக்கத்தையும் பிரித்தறியலாம், வலிப்பின் அறிகுறிகளைக் காணலாம். ஒருவரின் மனச்சோர்வையோ அச்சத்தையோ அதிலிருந்து நேரடியாகப் படித்துவிட முடியாது.

அலைகளை மாற்றப் பழக முடியுமா என்பதை 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ காமியா சோதிக்கத் தொடங்கினார். இருட்டறையில் ஒருவரை அமர்த்தி, மணி ஒலிக்கும்போதெல்லாம் அந்நேரத்தில் அவருடைய மூளையில் ஆல்ஃபா இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார். ஊகம் சரியா தவறா என்பதை உடனுக்குடன் தெரிவித்தார். சில நாட்களிலேயே பெரும்பாலும் சரியாகச் சொல்லுமளவுக்குச் சிலர் தேறிவிட்டார்கள். இதனிடையே 1961இல் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர், தியானத்தில் ஆழ்ந்த யோகிகளின் ஆல்ஃபா அலைகள் பலத்த ஓசைக்கும் ஒளிக்கும்கூடக் கலையவில்லை என்று எழுதியிருந்தார்கள். 1968இல் காமியாவின் கட்டுரை அமெரிக்காவின் பரவலான வாசகர்களைக் கொண்ட உளவியல் இதழ் ஒன்றில் வந்ததும், ஆல்ஃபாவைக் கூட்டினால் யோகியின் அமைதி கிட்டிவிடும் என்ற நம்பிக்கை அந்நாட்டைப் பற்றிக்கொண்டது. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆல்ஃபா கருவிகள் விற்பனைக்கு வந்தன.

அந்த மோகத்தைத் தணித்தது ஓர் எளிய சோதனை. பாஸ்கிவிட்ஸ், ஆர்ன் என்ற இருவர் 1973இல், வெளிச்சமே இல்லாத அறையில் இப்பயிற்சியை நடத்திப் பார்த்தார்கள். அங்கே எவ்வளவு பயின்றாலும், ஒருவர் கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது இயல்பாக இருந்த ஆல்ஃபாவின் அளவு அதற்குமேல் உயரவில்லை. வெளிச்சத்தில் கண்ட உயர்வு, பார்வையின் தூண்டலால் அடங்கிக் கிடந்த அலை மீண்டும் தன் இயல்பு நிலைக்குத் திரும்பியதுதான் என்று தெரிந்தது. பயிற்சி பெற்றோர் உணர்ந்த அமைதிக்கும் அலையின் அளவுக்கும் நெருங்கிய தொடர்பில்லை, எதை உணர்வோம் என்று அவர்கள் எதிர்பார்த்து வந்தார்களோ அதையே பெரிதும் உணர்ந்தார்கள் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

சிகிச்சை என்ற எண்ணம் வலுப்பெற்றது பூனைகளால். கலிபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர், பூனை அசையாமல் விழிப்புடன் காத்திருக்கும்போது அதன் உடலசைவுக்குரிய மூளைப் பகுதியில் நொடிக்கு 12 முதல் 15 வரையிலான ஓர் அலை எழுவதைக் கவனித்தார். அந்த அலை எழும்போதெல்லாம் பால் கொடுத்து, பூனைகளே அதை வேண்டும்போது எழுப்பும்படி பழக்கினார். இதற்குத் தொடர்பில்லாத வேறொரு வேலையாக, ஏவுகணை எரிபொருளாகப் பயன்படும் ஒரு வகை ஹைட்ரசீன் எவ்வாறு வலிப்பை உண்டாக்குகிறது என்று ஆராயும் பொறுப்பும் அவரிடம் வந்தது. எரிபொருள் செலுத்தப்பட்ட பூனைகளில் சில மட்டும் மற்றவற்றைக் காட்டிலும் வெகுநேரம் தாக்குப்பிடித்தன; அவை முன்பு அலைப் பயிற்சி பெற்ற பூனைகள் என்று பிறகு தெரியவந்தது. இந்தத் துறையில் என்னை உண்மையிலேயே வியக்க வைத்த செய்தி இதுதான், ஏனெனில் தான் சிகிச்சை பெறுகிறோம் என்ற நம்பிக்கை பூனைக்கு இருக்க முடியாது. 1972இல் வலிப்பு நோயாளி ஒருவருக்கு இதே பயிற்சி பலனளித்ததாக ஸ்டெர்மன் எழுதினார். சில ஆண்டுகளில் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜோயல் லூபார், நிலைகொள்ளாமல் துறுதுறுவென்று இருக்கும் குழந்தைகளிடம் இதைக் கையாளத் தொடங்கினார். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு நியூரோஃபீட்பேக்கின் முதன்மையான களமானது அவ்வாறுதான். அந்தக் குழந்தைகளிடம் மந்தமான தீட்டா அலை மிகுந்தும் வேகமான பீட்டா அலை குறைந்தும் காணப்படுகிறது, ஆகவே முன்னதைக் குறைத்துப் பின்னதைக் கூட்டினால் கவனம் நிலைக்கும் என்பது அதன் அடிப்படைக் கருத்து.

கேட்பதற்குக் கச்சிதமான இந்தக் கருத்தில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. நெற்றியைச் சுருக்கினாலும் பல்லைக் கடித்தாலும் அந்தத் தசைகள் உண்டாக்கும் மின்சாரம், மூளையிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு வலுவானது. அதன் அதிர்வெண்ணும் பீட்டா அலையின் எல்லைக்குள்ளேயே விழுகிறது. எனவே, தசை மின்சாரத்தைக் கவனமாக வடிகட்டாத கருவியில், தாடையை லேசாக இறுக்கிக்கொள்ளும் குழந்தையின் காரும் வேகமாக ஓடக்கூடும். முடிமேல் அணியும் தலைப்பட்டைகளைக் கடையில் வாங்கி வீட்டிலேயே பயிற்சி செய்வோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, பலன் உண்டா என்ற கேள்விக்கு வருவோம். தொடக்கத்தில் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நம்பிக்கையூட்டுவனவாகவே இருந்தன. குழந்தை தேறியதா என்று அவற்றில் மதிப்பிட்டவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள். வாரம் இரண்டு மூன்று முறை வேலையை ஒதுக்கிவைத்து, பணம் செலவழித்து, குழந்தையை அழைத்துச் சென்றவர்கள் அவர்கள். தம் குழந்தைக்குப் பயிற்சி நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் கருதவில்லை. ஆனால் நம்பி உழைத்தவரின் கண்ணுக்கு முன்னேற்றம் சற்றுக் கூடுதலாகத் தெரிவது இயல்பு. எந்தக் குழந்தைக்கு எது கிடைத்தது என்று அறியாதவர்களின் மதிப்பீடுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துபோயிற்று.

இதைத் தீர்த்துவைக்க அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. அதன் முடிவுகள் 2021இல் வெளியாயின. 7 முதல் 10 வயது வரையிலான 140க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். தீட்டா அலை மிகுந்திருப்பதாக ஈ.ஈ.ஜி.யில் தெரிந்த குழந்தைகளாகப் பார்த்து, அதாவது இச்சிகிச்சையால் பயன்பெறக்கூடியவர்கள் என்று கருதப்பட்டவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நியூரோஃபீட்பேக்கில் நம்பிக்கை கொண்ட நிபுணர்களும் சோதனையைத் திட்டமிட்டவர்களில் இருந்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். குறைசொல்லவென்றே வடிவமைத்த சோதனை அல்ல அது. ஒரு பிரிவுக்கு உண்மையான பயிற்சி, 38 அமர்வுகள். மற்றொரு பிரிவுக்கும் அதே நாற்காலி, அதே திரை, அதே விளையாட்டு, அதே 38 அமர்வுகள். ஆனால் அங்கே திரையை இயக்கியது முன்பே பதிவு செய்யப்பட்ட வேறொருவரின் மூளை அலை. ஐயம் எழாதிருக்க, குழந்தையின் சொந்த அசைவுகளும் கண்சிமிட்டல்களும் அந்தப் பதிவின்மேல் சேர்க்கப்பட்டிருந்தன. குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி அளித்தவருக்கும் யார் எந்தப் பிரிவு என்று தெரியாது.

முடிவில் இரு பிரிவினருமே நன்கு முன்னேறியிருந்தார்கள். இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சி தொடங்கிய 13 மாதங்களுக்குப் பின் பார்த்தபோதும் அதே நிலைதான். உண்மையான பயிற்சி பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட மருந்து சற்றுக் குறைவாக இருந்தது என்ற ஒன்றை மட்டும் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டலாம். தூக்கமின்மையிலும் கதை இதுவே. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் முன்னர் இப்பயிற்சியால் உறக்கம் மேம்படுகிறது என்று எழுதியவர்கள். அவர்களே 2017இல் போலிப் பயிற்சியுடன் ஒப்பிட்டு, நன்றாகத் தூங்குவதாக நோயாளிகள் இரு நிலைகளிலும் ஒரே அளவில் சொல்கிறார்கள், கருவியில் அளந்த உறக்கமோ மாறவில்லை என்று வெளியிட்டார்கள். தம் பழைய முடிவைத் தாமே சோதித்து எதிர்விடையை அச்சிடும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2024 இறுதியில் வெளிவந்த தொகுப்பாய்வு, கவனக்குறைவுக் கோளாறு பற்றிய 38 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 2472 பேரையும் கணக்கிலெடுத்து, யாருக்கு எது என்று அறியாதவர்களின் மதிப்பீட்டில் நோய்க்குறிகள் பொருட்படுத்தத்தக்க அளவில் குறையவில்லை என்றே முடித்தது.

அப்படியானால் போலிப் பயிற்சி பெற்ற குழந்தைகளும் ஏன் தேறினார்கள்? வளர்ச்சியால் இயல்பாக வரும் மாற்றம் ஒரு பகுதி. நிலைமை மிக மோசமாக இருக்கும்போது சிகிச்சைக்கு வருபவர்கள் பின்னர் சற்றுத் தணிவது மற்றொரு பகுதி. எஞ்சியதை எதிர்பார்ப்பு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அலைந்துகொண்டே இருக்கும் ஒரு குழந்தை மாதக்கணக்கில் வாரந்தோறும் குறித்த நேரத்தில் வந்து, அசையாமல் உட்கார்ந்து, திட்டாத, அவசரப்படுத்தாத ஒரு பெரியவரின் முழுக் கவனத்தையும் பெறுகிறது. ஒவ்வொரு சிறு வெற்றிக்கும் உடனே பாராட்டு கிடைக்கிறது. இவை உளவியல் சிகிச்சையின் பழைய, நன்கு அறியப்பட்ட கூறுகள். இவற்றைப் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியின் மூலம் வீட்டிலேயே அளிக்க முடியும். அதற்கு மின்முனையும் தேவையில்லை, அதற்கான கட்டணமும் தேவையில்லை.

எல்லா வாசல்களும் மூடிவிட்டன என்று இதற்குப் பொருளல்ல. 2016இல் பெசல் வான் டர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழுவினர், பேரதிர்ச்சிக்குப் பின்னான மனநோயால் நெடுங்காலம் அவதிப்பட்ட 52 பேரிடம் 24 அமர்வுகள் நடத்தி நல்ல பலனைக் கண்டார்கள். ஆனால் அங்கே ஒப்பீட்டுப் பிரிவினர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களே; போலிப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது ஸ்கேன் வழியிலான முறை. அமெரிக்காவின் துல்சா நகரில், மனச்சோர்வு கொண்டவர்களைக் காந்த அதிர்வு ஸ்கேனில் படுக்கவைத்து, மகிழ்ச்சியான நினைவுகளை மீட்டியபடி, உணர்ச்சிகளில் பெரும் பங்கு வகிக்கும் அமிக்டலா என்ற ஆழ்பகுதியின் செயல்பாட்டைக் கூட்டப் பழக்கினார்கள். ஒப்பீட்டுப் பிரிவினரும் அதே ஸ்கேனில் பயின்றார்கள், ஆனால் மனச்சோர்வோடு தொடர்பில்லாத வேறொரு பகுதியை. 2017இல் வெளியான முடிவில் அமிக்டலாப் பிரிவினரே கூடுதலாகத் தேறினார்கள். பங்கேற்றவர்கள் சில பத்துப் பேர்தான், செலவும் மிக அதிகம். ஆயினும் ஒப்பீடு நேர்மையானது.

இப்பயிற்சியை நாடும் குடும்பத்தினர், குழந்தையை முதலில் மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ நேரில் பரிசோதித்து, பள்ளியிலும் விசாரித்து, நோய் இன்னதென்று உறுதி செய்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வண்ண வண்ணமாக அச்சிட்ட மூளை வரைபடம் ஒன்றை மட்டும் காட்டி ஏ.டி.எச்.டி. என்றோ மனச்சோர்வு என்றோ அறிவிக்கும் இடத்தில் நாற்பது அமர்வுகளுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். பயிற்சியைச் செய்துதான் பார்ப்போம் என்று முடிவெடுப்பவர்கள், நடப்பிலிருக்கும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. குறிப்பாக, வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அளவைக் குறைப்பதாக இருந்தாலும் நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வையில்தான் அதைச் செய்ய வேண்டும்.

வணக்கம்.