வெரைட்டி ஹால் ரோட்டில் வெரைட்டி ஹால் எங்கே?

வணக்கங்க. நான் இப்போது நிற்பது கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம், வெரைட்டி ஹால் ரோட்டில். இங்கே இருக்கும் காவல் நிலையத்துக்கும் இதே பெயர்தான். ஆட்டோக்காரரிடம் "வெரைட்டி ஹால்" என்றாலே போதும், கொண்டுவந்து விட்டுவிடுவார். ஆனால் அந்த ஹால் எங்கே?

கதை திருச்சியில் தொடங்குகிறது. 1905. சாமிக்கண்ணு வின்சென்ட், கோவைக்காரர், ரயில்வேயில் வேலை, வயது 22. ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டிருந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப முடிவெடுக்கிறார். அவரிடமிருந்த ப்ரொஜெக்டரையும் படச் சுருள்களையும் வின்சென்ட் 2,250 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறார். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய பணம்! இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ஊமைப்படம் ஒன்றும் அதில் இருந்தது. கூடாரம் அடித்துப் படம் காட்டுவார், பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். பெஷாவர், ரங்கூன் வரைக்கும் போயிருக்கிறார்.

அப்புறம் 1914இல் சொந்த ஊரில், இதோ இந்த ரோட்டில், நிலையாக ஒரு கொட்டகை கட்டினார். அதுதான் வெரைட்டி ஹால். அந்தக் காலத்தில் வெரைட்டி என்றால் பாட்டு, ஆட்டம், வித்தை எல்லாம் கலந்த நிகழ்ச்சி. நீலகிரியில் இருக்கும் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கோவைக்கு வந்தது 1930களில்தான். அதற்கு வெகு காலம் முன்பே இவர் இன்ஜின் வைத்துச் சொந்தமாக மின்சாரம் எடுத்திருக்கிறார். ஊர் இருட்டில் கிடக்க, இந்த வாசலில் மட்டும் பல்பு எரிவதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்த ஒரு காட்சிக்காகவே அவரைப் பிடிக்கும்.

பேசும் படம் வந்ததும் பெயரோடு டாக்கீஸ் ஒட்டிக்கொண்டது: வெரைட்டி ஹால் டாக்கீஸ். பிற்காலத்தில் பெயரையே மாற்றி டிலைட் தியேட்டர் ஆக்கினார்கள். எங்கள் அப்பிச்சி, அதாவது தாத்தா, கடைசிவரை "வெரைட்டியில் படம் பார்த்தேன்" என்றுதான் சொல்வார். அப்பாவுக்கு அது டிலைட். ஒரே வீட்டில், ஒரே தியேட்டருக்கு இரண்டு பெயர்.

சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டரைத் தபால் துறை வாங்கியதால் அந்தக் கட்டடம் பிழைத்தது. இன்றைக்கும் அஞ்சலக வளாகத்துக்குள் நிற்கிறது. நம் ஊரில் அப்படி நடக்கவில்லை. டிலைட்டை இடித்துவிட்டார்கள். ஒரு சுவரையாவது விட்டிருக்கலாம், வின்சென்ட் பெயரில் ஒரு கல்லாவது வைத்திருக்கலாம். எனக்கு மனசே ஆறவில்லை. தியேட்டரிலிருந்து எடுத்துவிட்ட பெயரை ரோடுதான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் டிலைட் டிக்கெட்டோ, வெரைட்டி ஹால் நோட்டீஸோ, பழைய போட்டோவோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கமெண்டில் சொல்லுங்கள், நானே வந்து படம் பிடித்துக்கொள்கிறேன். பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள், அங்கே பார்த்த முதல் படம் எது என்று.