கல்லுக்குக் கீழே

நேயர்களுக்கு வணக்கம்.

மழை விட்டதும் கொல்லையில் பாவிய கல்லில் காலை வைத்தால் அது 'டொக்'கென்று ஆடி, சந்திலிருந்து சேற்றுத் தண்ணீர் கரண்டைக்காலில் பீச்சியடித்திருக்கும். உங்களில் பலருக்கு இது நடந்திருக்கும். உடனே கல்லைத் திட்டுவோம். கல் என்ன செய்யும்? அதற்குக் கீழே இருப்பதுதான் சரியில்லை.

எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம். சுத்தமான கரிசல். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே எதை வைத்தாலும் அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும். வீடு கட்டிய புதிதில் பின்புறம் 10 அடிக்கு 12 அடி கடப்பாக்கல் பாவினோம். வேலைக்கு வந்தவர்கள் மண்ணை நிரவி, நாலு அங்குலம் மணலைக் கொட்டி, கல்லைப் பரப்பி, சந்தில் சிமெண்டு பூசி ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஐப்பசி அடைமழை வந்தது. சந்தெல்லாம் விரிசல், ஏழெட்டுக் கல் ஆட்டம். தண்ணீர் முழுவதும் அடுப்படிச் சுவரோரம் தேங்கி நின்றது. தை மாதம் சுவரின் உள்பக்கம் பூச்சு பொரிந்து உதிர்ந்தது.

எங்கள் தெருவில் வயதான கொத்தனார் ஒருவர் இருந்தார். வந்தார், சுற்றிப் பார்த்தார். என் மனைவியிடம், "ஒரு குடம் தண்ணி கொண்டா தாயி" என்றார். தளத்தின் நடுவில் ஊற்றினார். தண்ணீர் நேராகச் சுவரைப் பார்த்து ஓடியது. "தண்ணி எங்க போகுதுன்னு பாத்துக்கிடுங்க தம்பி. அதுக்கப்புறம்தான் கல்லு" என்றார். அப்புறம் கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பித் தூக்கினார். மணல் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் கை நுழையும் பொந்து.

அத்தனை கல்லையும் எடுத்து அடுக்கினோம். ஓரடிக் கரிசலை அள்ளி வெளியே போட்டோம். சரளையை மொத்தமாகக் கொட்ட அவர் விடவில்லை. மூன்று அங்குலம் பரப்பு, தண்ணீர் தெளி, திமிசுக்கட்டையால் இடி. அப்புறம் அடுத்த மூன்று அங்குலம். குதிகாலை ஓங்கி மிதித்தால் தடம் விழக்கூடாது, அதுதான் அவருடைய சோதனை. ஒன்பது அங்குலம் இடித்து முடிக்க மூன்று நாள் ஆனது. அதன் மேல் மணல் ஒரே ஒரு அங்குலம், கல் அசையாமல் உட்காருவதற்கு மட்டும். பள்ளத்தைச் சரளையால் நிரப்புங்கள், மணலால் நிரப்பாதீர்கள். இன்னொரு முறையும் சொல்கிறேன்: மணலால் நிரப்பாதீர்கள்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. வீட்டை விட்டு விலகி 10 அடிக்கு 2 அங்குலம் இறங்க வேண்டும். நடக்கிற காலுக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்த்து நூல் கட்டிவிட்டுத்தான் முதல் கல்லை வைக்க வேண்டும். கல்லின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்கட்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாம் தோண்டிய குழி சுவரை விட்டுத் தள்ளி இருந்தால், மழைத் தண்ணீரை அதற்கு விடலாம். துணி துவைத்த தண்ணீர் அதில் போகக்கூடாது, அது வாழைக்கு.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆந்திராவின் கடப்பா பக்கத்திலிருந்து வருவதால்தான் அந்தப் பெயர். அது சுண்ணாம்புக்கல் வகை; எலுமிச்சைச் சாறோ ஆசிட்டோ பட்டால் அரித்துத் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். பாலிஷ் போட்ட கல் வெளியே வேண்டாம். ஈரத்தில் வழுக்கும், வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள்.

சந்து அடைப்பதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: கரிசலில் சந்துக்குச் சிமெண்டு வேண்டாம், மண் அசைந்தால் அது வெடித்துவிடும். காய்ந்த மணலை விளக்குமாற்றால் தள்ளி உள்ளே இறக்குங்கள். ஒரு வாரத்தில் மணல் உள்வாங்கும், இன்னொரு தடவை தள்ளுங்கள். சுற்றிலும் ஓரக்கல்லை மட்டும் சிமெண்டு வைத்து இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மணல் வெளியே ஓடிவிடும். வணக்கம்.