மனசு ஒப்பவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். நானும் என் பிள்ளைகளிடம் அதையேதான் சொன்னேன். சரி, ஆத்திரம், ஆசை, பயம் எதுவுமே பெரிதாக எழாத ஒருவர் இருந்தால், அவர் எடுக்கும் முடிவெல்லாம் சரியாக இருக்குமா?

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் சேதம் ஏற்பட்டவர்கள். பேச்சு, நினைவாற்றல், கணக்கு எல்லாம் பழுதில்லாமல் இருக்கும். அவர்களில் ஒருவரிடம், அடுத்த முறை வருவதற்கு இரண்டு தேதிகளைச் சொல்லி, எது வசதி என்று கேட்டார். அந்த மனிதர் டைரியைப் பிரித்தார். இந்தத் தேதியில் இந்த வேலை, அந்தத் தேதியில் அந்த வேலை, மழை பனி எப்படியிருக்கும் என்று அரை மணி நேரம் அலசினார். ஒவ்வொரு காரணமும் நியாயமானதுதான். ஆனால் எந்தக் காரணமும் மற்றதைவிடக் கனமாக அவருக்குப் படவில்லை. பொறுத்துப் பார்த்த டமாசியோ, இரண்டாவது தேதியில் வாருங்கள் என்றார். "சரி" என்று சொல்லி டைரியை மூடிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அங்கே ஒரு சீட்டு விளையாட்டும் நடத்தினார்கள். நான்கு கட்டுகள். இரண்டு கட்டுகளில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 100 டாலர் கிடைக்கும், ஆனால் நடுவில் பெரிய அடி விழும். மற்ற இரண்டில் 50 டாலர்தான், போகப் போக லாபம். பணமெல்லாம் விளையாட்டுப் பணம். 1997-இல் வெளிவந்த முடிவுதான் வேடிக்கை. சாதாரண ஆட்களுக்குப் பத்துச் சீட்டு தாண்டியதுமே, மோசமான கட்டின் பக்கம் கை போகும்போது உள்ளங்கை லேசாக வியர்த்தது. ஏதோ சரியில்லை என்று வாய் சொன்னது ஐம்பதாவது சீட்டு வாக்கில். காரணத்தை விளக்க முடிந்தது எண்பது வாக்கில். மூளையில் சேதம் உள்ளவர்களுக்கோ கை வியர்க்கவே இல்லை. அவர்களில் சிலர் எந்தக் கட்டு மோசம் என்று தெரிந்தும் அதிலேயே எடுத்தார்கள்!

நம் ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வரும் அம்மாக்கள், "எல்லாம் சரிதான், மனசு ஒப்பலை" என்பார்கள். அது முன்பு எங்கோ பட்ட அனுபவம் காரணத்தை மறந்துவிட்டுப் பேசுவதாக இருக்கலாம். வெறும் முன்முடிவாகவும் இருக்கலாம். உள்ளே இரண்டும் ஒரே மாதிரிதான் உறுத்தும், அதுதான் தொல்லை.

நாங்கள் வாடகைக்கு வீடு தேடியபோது தண்ணீர், வாடகை, பஸ் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் தாளில் மதிப்பெண் போட்டேன். முதல் வீடு ஜெயித்தது. என் மனைவி அதன் சமையலறையில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "இது வேண்டாங்க" என்றார். ஏன் என்றேன். தெரியவில்லை என்றார். இப்போது இரண்டாவது வீட்டில்தான் இருக்கிறோம். முதல் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்து, அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வணக்கம்.