சிகாகோ கொடியில் நான்கு நட்சத்திரங்கள்

நண்பர்களே, ஒரு நகரக் கொடி நல்ல கொடியா என்று தெரிய நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: அந்த ஊர்க் குழந்தை அதை மனதிலிருந்தே வரைந்துவிடுமா? சிகாகோ கொடியை வரைந்துவிடும். வெள்ளைத் துணி, குறுக்கே இரண்டு வெளிர்நீலப் பட்டைகள், நடுவில் வரிசையாக நான்கு சிவப்பு நட்சத்திரங்கள். அவ்வளவுதான்.

1917-இல் நகரம் ஏற்றுக்கொண்ட இந்தக் கொடியை வடிவமைத்தவர் வாலஸ் ரைஸ். மேல் பட்டை மிச்சிகன் ஏரியும் சிகாகோ ஆற்றின் வடக்குக் கிளையும். கீழ்ப் பட்டை தெற்குக் கிளையும் பெரிய கால்வாயும். இந்தக் கால்வாயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஊர்க் கழிவெல்லாம் ஆற்றில் கலந்து, குடிதண்ணீர் எடுக்கிற அதே ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. கால்வாய் வெட்டி, 1900-இல் ஆற்றையே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார்கள். எத்தனை பெரிய வேலை! கொடியில் அதற்கு ஒரு நீலப் பட்டைதான், அதுவும் பங்கு போட்டு. வெள்ளைப் பகுதிகள் மூன்றும் நகரின் வடக்கு, மேற்கு, தெற்கு.

சரி, நட்சத்திரங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் ஐந்து முனை நட்சத்திரம் என்றால் மாநிலங்கள் நினைவுக்கு வரும். அதனால் ரைஸ் ஆறு முனை வைத்தார், அதையும் நல்ல கூராக வைத்தார். முதலில் இரண்டே இரண்டு: ஒன்று 1871-இன் பெருந்தீ, இன்னொன்று 1893-இன் உலகக் கண்காட்சி. தன்னை எரித்த தீயை ஒரு ஊர் மறைக்காமல் கொடியிலேயே ஏற்றியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அப்புறம் 1933-இல் அடுத்த கண்காட்சிக்கு ஒன்று, 1939-இல் ஊரின் தொடக்ககால ராணுவக் கோட்டையான டியர்பார்னுக்கு ஒன்று சேர்ந்தன. வடிவம் கொஞ்சமும் குலையவில்லை. ஒவ்வொரு முனைக்கும் தனிப் பொருள்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். அது தெரியாதவருக்கும் இந்தக் கொடி சொந்தம்தான்.

பல நகரங்கள் கொடியை இப்படி எளிமையாக வடிவமைப்பதில்லை. நகராட்சி முத்திரையை எடுத்து நீலத் துணியில் ஒட்டிவிடுகின்றன. கையில் பிடித்துப் படிக்கும் காகிதத்துக்கான முத்திரை கம்பத்தின் உச்சியில் வெறும் புள்ளியாகிவிடுகிறது. ஐடஹோ மாநிலத்து பொகடெல்லோ இன்னும் ஒரு படி போய், ஊர்ப் பெருமையை வாசகமாகவே எழுதி, பதிப்புரிமைக் குறிப்பையும் சேர்த்தது. காற்றில் மடங்கிப் பறக்கும் துணியில் யார் படிப்பது? 2004-இல் வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 150 அமெரிக்க நகரக் கொடிகளை மதிப்பிட்டபோது சிகாகோ இரண்டாவது இடம், பொகடெல்லோ கடைசி இடம். அந்த ஊர் மக்கள் அதோடு விடவில்லை. பொதுமக்களிடமே வடிவங்கள் கேட்டு வாங்கி, 2017-இல் புதுக் கொடி ஏற்றினார்கள். அதில் மலைகள் இருக்கின்றன, ஆறு இருக்கிறது. எழுத்து ஒன்றுகூட இல்லை.