சோயா மெழுகா, பாரஃபின் மெழுகா? சண்டையை நிறுத்திவிட்டு இரண்டையும் கலந்து ஊற்றினேன்

[காட்சி: கண்ணாடி ஜாடியின் மூடி திறக்கிறது]

மூடியைத் திறந்தால் லாவெண்டர் வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஆகா, சாதித்துவிட்டோம் என்று திரியைப் பற்றவைத்தேன். அரை மணி நேரம் ஆனது, ஒரு மணி நேரம் ஆனது. அறையில் லாவெண்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டு வாரம் பொறுமையாகக் காத்திருந்த ஜாடி அது!

வணக்கம் மக்களே. வீட்டில் வாசனை மெழுகுவர்த்தி செய்து பார்த்த பலருக்கும் இந்த ஏமாற்றம் பழக்கமாகத்தான் இருக்கும். அந்த ஜாடியில் இருந்தது முழுக்க முழுக்கச் சோயா மெழுகு. கொஞ்சம் பாரஃபின் கலந்திருந்தால் கதையே வேறு.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. சோயா மெழுகு என்பது சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது, 1990களில் வந்த புதுவரவு. அவ்வளவுதான் வரலாறு.

"பாரஃபின் விஷம், சோயா இயற்கை" என்று எழுதப் போகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். பெரிய ஆலைகளில் சோயா விதையிலிருந்து எண்ணெயைப் பிரிக்கப் பெரும்பாலும் ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஹெக்சேன் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலியத்திலிருந்து! அதேபோல, "எங்கள் மெழுகுவர்த்தி கரியே விடாது" என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். சுடரில் மஞ்சளாக ஒளிர்வதே சூட்டில் தகதகக்கும் கரித்துகள்கள்தான். அவை வெளியே வருவதற்குள் எரிந்து தீர்ந்துவிட்டால் சுவர் தப்பிக்கும். திரி நீளமாக இருந்தாலோ, மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடினாலோ, எந்த மெழுகும் கரி விடும். ஏற்றுவதற்கு முன் திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்குங்கள்.

[காட்சி: வெள்ளைத் திட்டுகள் படிந்த ஊதா மெழுகு, மிக அருகில்]

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த வெள்ளையைப் பாருங்கள். சுவரில் உப்புப் பூத்தது போல இருக்கிறதா? முதல் தடவை பூஞ்சை என்று நினைத்து ஜாடியையே தூக்கிப் போட்டேன். பூஞ்சையும் இல்லை, அழுக்கும் இல்லை. பழைய சாக்லேட்டைப் பிரித்தால் மேலே சாம்பல் பூத்தது போல் ஒரு படலம் இருக்குமே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்தான்!

சாக்லேட்டில் இருக்கும் கோகோ கொழுப்பும் சோயா மெழுகும் ஒரே குடும்பம். இரண்டுமே டிரைகிளிசரைடு. முள்கரண்டி போல மூன்று நீண்ட கால்கள் கொண்ட மூலக்கூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவில் முள்கரண்டிகளை அவசரமாகக் கொட்டினால் ஒரு மாதிரி அடங்கும். நிதானமாக அடுக்கினால் இன்னும் நெருக்கமாக அடங்கும். பொருள் ஒன்றுதான், அடுக்கு மட்டும் வேறு. கோகோ கொழுப்பு இப்படி ஆறு விதமாகப் படிகமாகும். சாக்லேட்டுக்குப் பளபளப்பும் 'டக்' என்று உடையும் குணமும் தருவது ஐந்தாவது வகை. நாளாக ஆக அது ஆறாவதுக்கு மாறும்போதுதான் மேலே வெள்ளை பூக்கிறது.

சோயா மெழுகும் ஊற்றிய வேகத்தில் ஏதோ ஒரு அடுக்கில் உறைந்துவிடும். பிறகு ஜாடிக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல், அடுக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். வளரும் படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நிறம் சேர்த்த மெழுகில் இது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், நிறமே இல்லாவிட்டால் பெரிதாகத் தெரியாது. மற்றபடி எரிவதற்கு ஒரு குறையும் இல்லை.

இங்கேதான் பாரஃபின் உள்ளே நுழைகிறது. அது முள்கரண்டி இல்லை, நேரான கார்பன் சங்கிலி, அதாவது வெறும் குச்சி. முள்கரண்டிகளுக்கு நடுவே குச்சிகளைச் செருகினால் அடுக்கை மாற்ற இடம் கிடைக்குமா? பூப்பது குறைகிறது. போதாக்குறைக்கு, எரியும்போது வாசனையும் அறைக்குள் தாராளமாகப் பரவுகிறது. பதிலுக்குச் சோயா என்ன செய்கிறது? பாரஃபின் ஆறும்போது நன்றாகச் சுருங்கி, திரியைச் சுற்றிக் குழி விழும். சோயா சேர்ந்தால் அந்தக் குழி குறையும். நல்ல கூட்டணி!

[காட்சி: டிஜிட்டல் தராசு]

என் அளவு 70க்கு 30. சோயா 350 கிராம், பாரஃபின் 150 கிராம். பாதிக்குப் பாதி போடுபவர்களும் உண்டு. இரண்டுமே ஜாடிக்கென்று விற்கும் வகையாக இருக்கட்டும். வாசனை எண்ணெய் மெழுகின் எடையில் 8 சதவீதம், அதாவது 40 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் வையுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக மணக்காது. மெழுகு பிடித்துவைக்க முடியாமல் மேலே எண்ணெய் வியர்க்கும், அவ்வளவுதான்.

கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். நேரடி அடுப்பு கூடவே கூடாது. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ எகிறிப் பாயும். அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள். இதில் மட்டும் நான் ஜோக் அடிக்கப் போவதில்லை.

80 டிகிரி செல்சியஸ் வாக்கில் வாசனையைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறி, 60-65க்கு இறங்கியதும் ஊற்றிவிடுங்கள். அப்புறம் மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். சோயா இருப்பதால் ஒரு வாரமாவது ஆகும்.

இனி திரி. எல்லோரும் மெழுகை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், திரியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். என்னைக் கேட்டால் பாதிப் பழி திரி மேல்தான். எரிவது நூல் இல்லை. நூல் உருகிய மெழுகை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது, அது ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. கலவை மாறினால் உறிஞ்சும் வேகமும் மாறும், நேற்று சரியாக எரிந்த திரி இன்று சொதப்பும். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் உருகிய குளம் ஜாடியின் ஓரத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் திரி சின்னது. ஜாடி தொட முடியாத அளவுக்குச் சுட்டு, சுடர் குதித்தால் பெரியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

[காட்சி: 'ஜாடி 4, 70/30, நாள் 9' என்று எழுதிய ஜாடி]

இதோ நான்காவது ஜாடி, ஒன்பது நாள் ஆயிற்று. ஏற்றுகிறேன்... இருபது நிமிடத்தில் வாசல் வரை லாவெண்டர்! ஆனால் கொஞ்சம் பொறுங்கள், மூன்றரை மணி நேரம் கழித்து மறுபடி வருகிறேன்.

[காட்சி: அதே ஜாடி, மேலிருந்து]

தெரிகிறதா? ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மெழுகு கல்லு மாதிரி அப்படியே நிற்கிறது. திரி ஒரு அளவு சின்னதாகிவிட்டது. உங்கள் ஜாடியின் விட்டம் என்ன, என்ன திரி போட்டீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். நான் ஐந்தாவதுக்கு மெழுகை உருக்கப் போகிறேன்.