பண்டார காரிய பாரம்: எல்லிஸ் துரையின் வாழ்வும் பணியும்

அவையோர்க்கு வணக்கம். 1818-ஆம் ஆண்டு, குடிநீர்த் தட்டுப்பாட்டால் சென்னை வாடியபோது இருபத்தேழு கிணறுகளை வெட்டச் செய்த ஓர் ஆங்கில அதிகாரி, இராயப்பேட்டையில் ஒரு கிணற்றருகே தமிழ்ச் செய்யுளில் கல்வெட்டுப் பொறித்து, அதில் "எல்லீசன் என்பவன் யானே" என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். 'பண்டாரகாரிய பாரம்' (அரசுக் கருவூலப் பொறுப்பு) சுமக்கையில், "இருபுனலும் வாய்ந்த மலையும்" என்னும் வள்ளுவர் வாக்கின் பொருளை உணர்ந்து இதைச் செய்ததாகவும் அச்செய்யுள் கூறுகிறது. நாம் அந்தக் குறளைப் போற்றுகிறோம், பண்டாரத்தை மறந்துவிடுகிறோம்.

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1777-இல் பிறந்து, 1796-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். வருவாய் வாரியத்தில் செயலர், மசூலிப்பட்டினத்தில் நீதிபதி என்று படிப்படியாக உயர்ந்து, 1810-இல் சென்னை கலெக்டரானார். நிலம் யாருடையது, வரி யார் கொடுப்பது என்பதே அவருடைய அன்றாட வேலை. அவ்வேலையே அவரைச் சாசனங்களுக்கும் பழந்தமிழ் நூல்களுக்கும் இட்டுச் சென்றது என்பது என் துணிபு.

தொண்டைமண்டலத்துக் காணியாட்சியை, அதாவது மிராசு எனப்படும் பரம்பரை நிலவுரிமையைப் பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு அவர் எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. மிராசு என்பது தொன்மையான சொத்துரிமையே என்று அவர் நிறுவ முயன்றதற்குத் துணை நின்றவர் அவருடைய கச்சேரியின் (அலுவலகத்தின்) சிரஸ்தேதார், அதாவது தலைமை இந்திய அலுவலர், சங்கரய்யா. உழவரிடமே அரசு நேராக வரி வாங்கும் இரயத்துவாரி முறையை முன்னின்று நடத்திய தாமஸ் மன்றோ இந்த முடிவை ஏற்கவில்லை. மிராசுதாரர்களின் கையை வலுப்படுத்திய அவ்விடைகள் வயலில் உழைத்த பண்ணையாட்களுக்கு நிலத்தைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இளம் ஆங்கில அதிகாரிகளுக்கு நாட்டுமொழிகளைக் கற்பிக்க 1812-இல் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்கு எல்லிஸே ஆணிவேர். கல்லூரிச் சாலை என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர் அதன் எச்சம். தென்மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை என்று கல்கத்தா அறிஞர்கள் கருதியிருந்த காலத்தில், இந்தச் சென்னைக் கல்லூரியில் தலைமையாசிரியராயிருந்த பட்டாபிராம சாஸ்திரி போன்றோரின் துணையுடன் வேர்ச்சொற்பட்டியல்களை ஒப்பிட்டு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனிக்குடும்பம் என்று 1816-இல், கம்பெனி அதிகாரி கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முகவுரைப் பகுதியில் எல்லிஸ் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவர அதற்குப் பின் நாற்பதாண்டுகள் ஆயின. ஒரு துரையின் பெயரில் வழங்கும் அந்தக் கண்டுபிடிப்பில் உள்ளூர்ப் புலவர்களின் உழைப்பு எத்தனை பங்கு என்று கணக்கிடுவது இன்று எளிதன்று.

நாற்பது வயது நிரம்பும்வரை பெரிய நூல் எதையும் வெளியிடுவதில்லை என்று எல்லிஸ் உறுதி பூண்டிருந்தார். நாற்பதைக் கடந்து ஓரிரு ஆண்டுகளுக்குள், 1819 மார்ச்சில், இராமநாதபுரத்தில் தவறான மருந்தை உட்கொண்டு இறந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்களில் பெரும்பகுதி மதுரையில் ஒரு சமையலறை அடுப்புக்கு இரையானதாகப் பின்னாளில் சென்னை அரசு அதிகாரி வால்டர் எலியட் பதிவுசெய்தார், தப்பியவை ஜி. யு. போப் வழியாக ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தன. திண்டுக்கல்லில் உள்ள அவர் கல்லறையில் ஆங்கிலத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தமிழ்ச் செய்யுள், குறளின் அறப்பாலுக்குப் பல நூல்களிலிருந்து மேற்கோள்களைச் சேர்த்து இங்கிலீசில் மொழிபெயர்த்தவர் என்று அவரைச் சொல்கிறது.